வேணு சொன்ன தேதி

வேணு ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தால், அதன் ஒரு முனையை விடமாட்டார். கண்ணாடி மேல் நான் வைக்கும்வரை அவர் விரலும் கூடவே வரும். நகல் கோணலாக விழுந்தால் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். என் குப்பைக்கூடையை அவர் நம்புவதில்லை. வேலை முடிந்ததும், "அழிச்சிட்டியா டில்லி?" என்பார். அழித்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. அழித்தவையெல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்று கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்று எவனோ சொல்லித் தொலைத்திருக்கிறான். அதையும் திறந்து, காலி செய்து காட்ட வேண்டும்.

நான் டில்லிபாபு. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, ரயில் டிக்கெட், பாஸ்போர்ட், விசா என்று வந்ததையெல்லாம் செய்து கொடுப்பேன். கிருத்திகை அன்று மொட்டைத் தலையும் சந்தனமுமாக நகரி, புத்தூர் ஜனங்கள் செல்போனுக்குச் சார்ஜ் போடவும் வருவார்கள். என் எதிரே நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது மறைக்கிறார்கள். வயசு, ரெண்டாவது சம்சாரம், பத்தாவது ஃபெயில் ஆனது, ஏதோ ஒன்று. எனக்கு அதில் கோபம் வருவதில்லை. வேணு மேல் மட்டும் கோபம் வரும், ஏனென்றால் அவர் மறைக்க வேண்டிய அவசியமே இல்லாததையும் மறைப்பார். அரக்கோணம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எங்கே போகிறீர்கள் என்றால் பொதட்டூர்பேட்டை என்பார். பஸ் போகும் திசை கேட்கிறவனுக்கும் தெரியும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது.

ஆர்.கே.பேட்டை ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் அவர் ஊர். மூன்று ஏக்கர், கரும்பும் வேர்க்கடலையும். அவர் இப்படி ஆனதற்குக் கதை உண்டு. முப்பது வயசில் அண்ணன் ஆனந்தன் நீட்டிய ஒரு காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்க என்று சொன்னார்கள். கனெக்‌ஷன் வந்தது, அண்ணன் பேருக்கு. இன்றைக்கும் தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணன் பம்புசெட்டு ரூம் சாவிக்கு வேணு காத்து நிற்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் உலகத்தில் யாரையும் நம்பவில்லை. நியாயந்தானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ஏமாந்தது ஒருநாள், சந்தேகப்பட்டது முப்பது வருஷம் என்று ஆகிவிட்டால், நஷ்டம் எதில் அதிகம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவருக்கு ஒரே மகள், யுவஸ்ரீ. கெட்டிக்காரப் பெண். படித்து, வேலைக்குப் போய், கட்டினவனோடு ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இருக்கிறாள். நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. தப்பு நடந்தது இங்கே, அங்கே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் உண்டானபோது, வேணுவின் மனைவி பிரேமா சந்தோஷத்தில் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். மூன்றாம் மாசம் கலைந்துவிட்டது. டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். வேணு நம்பவில்லை. கண் பட்டுவிட்டது என்பது அவர் முடிவு. யார் கண் என்பதற்கும் அவரிடம் முடிவு இருந்தது. அண்ணன் வீட்டுப் பக்கம் பார்த்து எச்சில் துப்புவார்.

மறுபடி யுவஸ்ரீ உண்டானாள். இந்தத் தடவை தெருவில் யாருக்கும் தெரியாது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அவளைப் பறந்து வர டாக்டர் விடவில்லை. எனவே தாய் அங்கே போவது, துணைக்கு வேணுவும் போவது என்று முடிவாயிற்று. பிரேமாவுக்கு ஐம்பத்திரண்டு வயசு. சென்னைக்கு மூன்று தடவையும் திருப்பதிக்குப் பல தடவையும் போனதைத் தவிர வேறு பயணம் கிடையாது. மகள் வலியில் கிடக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையும் கிடையாது. பாஸ்போர்ட் எடுக்க வந்த அன்றே அதை என்னிடம் சொன்னாள்.

"கூட மாமியார் இல்ல, நாத்தனார் இல்ல, மாப்பிள்ளைக்கும் லீவு கெடைக்காது தம்பி. ஒரு வாய் வெந்நி வச்சிக் குடுக்க ஆள் வேணாவா?"

வேணு உடனே அவள் முழங்கையைத் தட்டினார். என் எதிரில் அதிகம் பேசிவிட்டாளாம்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த வாரம் வேணு தனியாக வந்தார். குறுகிய கால விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார். பாங்கு ஸ்டேட்மெண்ட் ஆறு மாசத்துக்கு வேண்டும் என்றால், என் காசைப் பார்த்து அவனுக்கு என்ன ஆகணும் என்றார். போகவர டிக்கெட் புக்கிங், அங்கே போய்ச் சீக்கானால் பார்த்துக்கொள்ள இன்சூரன்ஸ், மகள் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், பட்டா நகல் எல்லாம் கேட்பார்கள் என்றேன். பட்டா என்றதும் எழுந்துவிட்டார்.

"நெலத்துப் பேப்பர் இன்னாத்துக்கு அவனுக்கு?"

"நீங்க திரும்பி வருவீங்களான்னு அவங்களுக்குச் சந்தேகம் வேணுண்ணா. ஊர்ல நெலம் நீச்சு இருந்தா வந்துடுவீங்கன்னு ஒரு நம்பிக்கை."

சந்தேகம் என்ற வார்த்தை அவருக்குப் பிடித்துப்போனது. அந்த நாட்டுக்காரர்கள் மேல் முதல் முறையாக ஒரு மரியாதை வந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தேதிக்கு வந்தோம். என்றைக்குப் போகிறீர்கள், எத்தனை நாள், எதற்காக என்று கேட்டேன். வேணு கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிரிண்டர் பக்கத்தில் ஒரு மனுஷன் சான்றிதழுக்குக் காத்திருந்தான். அவன் அவர் அண்ணனின் மச்சினனுக்குப் பழக்கம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"அக்டோபர் ஒண்ணு. முப்பது நாள். சும்மா பொண்ணப் பாக்க."

"பிரசவம் என்னைக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க?"

"யார் சொன்னது பிரசவம்னு?" என்று கேட்டுவிட்டு, குரலை இறக்கி, "அக்டோபர் பன்னெண்டு" என்றார்.

"வேணுண்ணா, நல்லாக் கேட்டுக்கோங்க. நீங்க எந்தத் தேதி கேக்கிறீங்களோ அந்தத் தேதிக்குத்தான் அவங்க குடுப்பாங்க. அப்பால மாத்த முடியாது."

"ஆங். எனக்குத் தெரியாதா."

அவருக்குத் தெரிந்தது வேறு. பஸ்ஸில் ஒருத்தன், விசா ஒருமுறை குத்திவிட்டால் மூன்று மாசம் செல்லும், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறான். படிவத்தில் எழுதும் தேதி சும்மா ஒரு சம்பிரதாயம் என்று வேணு எடுத்துக்கொண்டார். நான் தேதியை அழுத்திக் கேட்டதெல்லாம் ரெண்டாவது தடவை ஃபீஸ் கறக்கத்தான் என்பது அவர் கணக்கு. மகளிடம் போன் போட்டு, அழைப்புக் கடிதத்தில் தேதி எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு என்று சொல்லியிருந்தார். நைனா சொன்னால் ஏன் என்று கேட்டுப் பயனில்லை என்று அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். அனுப்பிவிட்டாள். வெற்றிடத்தில் தேதியை அடித்தது நான்தான்.

பிரேமா வந்து கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேசியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் நடுவில் பாஸ்போர்ட்டுகள் விசாவோடு வந்தன. இருவரும் கடைக்கு வந்தார்கள். பிரேமா மல்லிப்பூ வைத்துக்கொண்டு, கையில் கோயில் பஞ்சாமிர்த டப்பாவுடன் வந்திருந்தாள். நான் படித்துச் சொன்னேன். அக்டோபர் ஒன்று முதல் முப்பது வரை.

"அப்பால?" என்றாள் பிரேமா.

"முப்பதாம் தேதிக்குள்ள அந்த நாட்ட விட்டுக் கெளம்பிடணும் அண்ணி."

"டிசம்பர் பன்னெண்டுதானே தம்பி அவளுக்குத் தேதி?"

நான் வேணுவைப் பார்த்தேன். அவர் விசாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நீதான் தப்பாக அடித்துவிட்டாய் என்று என்னைச் சொன்னார். நான் விண்ணப்பத்தின் நகலை எடுத்து, அவர் கையெழுத்தைக் காட்டினேன். நல்லவேளை, அழிக்கச் சொன்னதில் அவர்கள் இருவர் விண்ணப்பத்தை மட்டும் நான் அழிக்கவில்லை. அவரைப் பற்றி எனக்கும் சந்தேகம் இருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி சொன்னாதான் கண்ணு படாது. போன தபா ஊரெல்லாம் தேதி சொல்லி இன்னா ஆச்சு?" என்றார் பிரேமாவிடம்.

"ஊருக்குப் பொய் சொல்லு. விசாக்காரனுக்கு இன்னாத்துக்குச் சொன்ன?"

"அவன் மட்டும் மனுஷன் இல்லியா, அவனுக்குக் கண்ணு இல்லியா?"

சிரிப்பு வர வேண்டிய பதில். பிரேமாவின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அழவும் இல்லை அவள். பஞ்சாமிர்த டப்பாவை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். வேணு என்னிடம், "வேணாம் உடு. கொழந்த பொறந்து ஆறு மாசம் கழிச்சிப் போய்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பாஸ்போர்ட்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. மகள் மேல் பாசமில்லாத ஆள் இல்லை. தன் பாசம் அவளைக் காப்பாற்றும், மற்றவர்கள் கண் அவளைக் கொல்லும் என்று நம்புகிற ஆள்.

ஒரு வாரம் கழித்து பிரேமா தனியாக வந்தாள். அரக்கோணத்தில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாளாம். பீரோவைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வந்திருந்தாள்.

"எனக்கு மட்டும் புதுசாப் போடு தம்பி. இந்தத் தடவ உள்ளது உள்ளபடி எழுது. அவருக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா மறுபடியும் எதனா ஒரு தேதி சொல்லுவாரு."

நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை, அவள் கேட்டது நியாயமாகப் பட்டது. சென்னை விண்ணப்ப மையத்தில் ஒரே ஒரு நாள் காலியாக இருந்ததைப் பிடித்தேன். யுவஸ்ரீ அங்கே டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினாள். பழைய விசாவை ரத்து செய்யச் சொல்லி, புதிதாக நவம்பர் இருபத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாள் கேட்டோம். கூடவே ஒரு விளக்கக் கடிதம்: முதல் தடவை தேதி தவறாகக் கொடுக்கப்பட்டது, கண் திருஷ்டிக்குப் பயந்து என் கணவர் அப்படிச் செய்தார், மன்னிக்கவும், என் மகளின் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். கண் திருஷ்டியை இங்கிலீஷில் எழுத எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. பிரேமா சென்னைக்கு ஜனரல் பெட்டியில் தனியாகப் போய்ப் பேப்பரைக் கொடுத்து, கைரேகை வைத்துவிட்டு, சாயங்கால வண்டியில் வந்து சேர்ந்தாள். வேணுவிடம் தங்கைக்குக் காய்ச்சல் என்று சொன்னாளாம். அவளும் கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன்.

இங்கேதான் நான் செய்தது வருகிறது. புது விண்ணப்பத்தை அடிக்கும்போது பழையதை அப்படியே நகலெடுத்து, தேதியையும் காரணத்தையும் மாற்றினேன். போன் நம்பர் கட்டத்தைப் பார்க்கவில்லை. அதில் வேணுவின் நம்பர் இருந்தது. முதல் தடவை தன் நம்பரைத்தான் போட வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

அக்டோபர் இரண்டாம் வாரம், வேணு பயிர் இன்சூரன்ஸுக்காக, நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலை நகல் எடுக்க வந்தார். வழக்கம்போல ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது அவர் போன் அடித்தது. டெல்லி நம்பர். அதற்கு முந்தின மாசம்தான் பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரரை, உங்கள் மகனை வெளிநாட்டில் போலீஸ் பிடித்துவிட்டது என்று போனில் மிரட்டி, இருந்ததையெல்லாம் உருவிவிட்டார்கள். திருத்தணி முழுக்க அதே பேச்சு. தெரியாத நம்பர் வந்தால் சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று வேணு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். போட்டார்.

ஒரு பெண் குரல். முதலில் இங்கிலீஷ், பிறகு நிதானமான தமிழ். விசா விண்ணப்பம் தொடர்பாகப் பேசுவதாகச் சொல்லி, "உங்கள் மனைவி பிரேமா இரண்டாவது முறை விண்ணப்பித்திருக்கிறாரா?" என்று கேட்டது.

வேணு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எப்படிச் சமாளிக்கிறேன் பார் என்று அர்த்தம்.

"யாரும் எதுவும் போடலயே."

"உங்கள் மகள் யுவஸ்ரீ அங்கே இருக்கிறாரா? அவருக்குப் பிரசவம் எப்போது?"

"பொண்ணா? எனக்குப் பொண்ணே கெடையாதும்மா. வேற எவனையாவது பாரு."

அந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் நான் கையை நீட்டி, போனைப் பிடுங்கி, ஒரு நிமிஷம் மேடம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் பிரேமா மறைத்தது அம்பலமாகும், நான் கொடுத்த வாக்குப் போகும் என்று யோசித்தேன். யோசித்த நேரத்தில் அவர் போனை வைத்துவிட்டார். அவர் போன பிறகு, திரையில் பார்த்து வைத்த அந்த நம்பரை என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. அந்த நாட்டுத் தூதரகத்துக்கு இமெயில் போட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. பிரேமாவிடமும் சொல்லவில்லை. சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசக் கடைசியில் பாஸ்போர்ட் கூரியரில் என் கடைக்கு வந்தது. பிரேமா உறையைக் கிழித்து, தாளை என்னிடம் நீட்டினாள். விசா இல்லை. பயணத்தின் நோக்கம் பற்றித் தந்த தகவல் நம்பும்படியாக இல்லை என்ற வரிக்கு நேரே கட்டத்தில் ஒரு குறி. மறுபடி விண்ணப்பிக்க அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று அவள் கேட்டாள். ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். ஜனவரி.

அப்போது வேணு உள்ளே வந்தார். பெண்டாட்டி நாலைந்து தடவை அரக்கோணம் போனதை அவர் கணக்கு வைத்திருந்தார். அவள் தங்கைக்குப் போன் போட்டு விசாரித்தும் இருந்தார். நிலத்தை அண்ணன் பேருக்கு எழுதி வைக்க நானும் அவளும் ஏற்பாடு செய்கிறோம் என்பதுவரை அவர் சந்தேகம் போயிருந்தது. "இன்னா பண்ணிகினு இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பரை மாற்றாமல் விட்டதையும், போன் வந்த அன்று வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சேர்த்தே சொன்னேன். பிரேமா என்னை ஒன்றும் கேட்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"அவங்க கேட்டதுக்கு நீ இன்னா சொன்ன?"

வேணு மேஜை மேல் கிடந்த தாளைத் திருப்பிப் போட்டார்.

"இன்னா சொன்ன, சொல்லு."

"பொண்ணு இல்லன்னு சொன்னேன்."

"புள்ளத்தாச்சிப் பொண்ணத் தல முழுவிட்டு வந்து நிக்கறியே" என்றாள். குரல் உயரவில்லை.

பிறகு தன் போனை எடுத்து யுவஸ்ரீயைக் கூப்பிட்டாள். அவளுக்கு அங்கே காலை நேரம். பிரேமா குரலை மாற்றிக்கொண்டு, முட்டி வீங்கியிருக்கிறது, அவ்வளவு நேரம் ப்ளேனில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் வர முடியாது என்றாள். மகளுக்கு அது நம்பும்படி இல்லை. யார் மகள் அவள்.

"போன வாரம் கூட நல்லாத்தானே இருந்த. நைனா கிட்ட குடு."

வேணு போனை வாங்கினார். காதில் வைக்கத் தெரியாதவர் போல ஸ்பீக்கரையே அழுத்தினார்.

"நைனா, அம்மா சொல்றது நெஜமா?"

பிரேமா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள், ஆமாம் என்று சொல்லச் சொல்லி. முப்பது வருஷத்தில் ஒரு பொய்யாவது உபயோகமாக இருக்க வேண்டிய இடம் அது. அவருக்கு வரவில்லை.

"இல்லம்மா. விசாவுக்குப் போன் பண்ணி விசாரிச்சாங்க. நான்தான் எனக்குப் பொண்ணே இல்லன்னு சொல்லிட்டேன். யாரோ ஏமாத்தறவங்கன்னு நெனச்சிட்டேம்மா."

ஸ்பீக்கரில் எங்கேயோ ஒரு டிராம் மணி கேட்டது. வேணு, "யுவா, யுவா" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

"அப்ப, வலி வந்தா என் பக்கத்துல யாரு நைனா இருப்பா?"

வேணு போனைப் பிடித்தபடி பிரேமாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.